நாற்பத்தொன்று முதல் ஐம்பத்திரண்டு வரை

கொல்லையில், முருங்கைக்கும் மோட்டார் ரூமுக்கும் இடையே,
ஐயாயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றை
இடுப்போடு அறுத்துக் கவிழ்த்து
ஆபீஸ் நாற்காலிச் சக்கரங்கள் பூட்டியிருக்கிறேன்.
தள்ளினால் சுழலும்.
உப்புக்காற்று அதிகம் அடித்த நாளில்
தோளும் கொடுக்க வேண்டும்.

‘தண்ணியில்லாத டேங்க் எதுக்கும்மா சுத்துது?’
என்று முதல் வாரம் கேட்ட எதிர்வீட்டு வைத்திலிங்கம்
இப்போதெல்லாம் சொல்லாமலே
கேட் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறார்.
வால்வெள்ளி வந்தால் அரசனுக்கு ஆகாதாமே, என்றார் முந்தாநாள்.
நம் தெருவில் கவுன்சிலர்தானே இருக்கிறார், என்றேன்.
நெடுநேரம் சிரித்தார்,
மூச்சு வாங்கும் வரை.

புரட்டாசி. விடியற்காலை நாலு இருபது.
தேவனாம்பட்டினத்துக் கடலுக்கு மேல்
மேகம் ஒரு முழம் விட்டுக்கொடுத்தது.
மகத்துக்குக் கீழே ஒரு கறை.
லென்ஸில் பனி என்று ஹேர் டிரையரால் ஊதினேன்.
கறை போகவில்லை.
கறைக்கு ஒரு வால் இருந்தது.

சிப்காட்டில் சாயத்துக்கு நிறம் ஒப்பிடுவது என் பிழைப்பு.
பச்சையில் மட்டும் நூற்றுப் பதினாறு அட்டைகள்;
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எண் சொல்வேன்.
கேமராத் திரையில் அதன் தலையிலிருந்த பச்சை
எந்த அட்டையிலும் இல்லை.
கடலில் படகுகளின் பச்சை பல்புகள்
அதற்குப் பக்கத்தில்
கடையில் வாங்கியவை போலிருந்தன.

முப்பது நொடிக்கு ஒரு படம்.
ஷட்டர் திறந்திருக்கையில் மூச்சை அடக்கிக்கொள்வேன்,
அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தே.
நாற்பதாவது முடிந்தபோது
எதிர்வீட்டு கேட் விளக்கு எரிந்தது.
சுவர், முருங்கை, என் கை, எல்லாம் வெள்ளை.
‘இப்பவா!’ என்றேன்,
கேட்கிற அளவுக்கு.

அப்புறம்தான் சிவப்பு வந்தது.
முருங்கை இலைகள் மேல்
விட்டு விட்டு.
சைரன் இல்லை. தெரு தூங்கட்டும் என்று
யாராவது சொல்லியிருக்கலாம்.
ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது,
என் கூரையின் சக்கரம் போலவே.

ஓடினேனா?
இல்லை. வாசல்வரை நடந்தேன்.
கேமரா தானாக எடுத்துக்கொண்டிருந்தது, அதை நிறுத்தவில்லை.
வண்டி திரும்பியபின்
தெரு மறுபடி இருட்டு.
அந்த அவசரத்திலும் யாரோ
விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஐம்பத்துமூன்றிலிருந்து எழுபதுவரை
படங்கள் மிக நன்றாக வந்தன.

ஞாயிறு அன்று அவற்றை அடுக்கினேன்.
அடுக்கும் மென்பொருளுக்கென்று ஒரு நீதி இருக்கிறது:
எல்லாப் படத்திலும் இருப்பது மெய்,
ஒரு தடவை வந்து போவது பிழை.
விமானம், மின்மினி, செயற்கைக்கோள்,
எது குறுக்கே வந்தாலும் துடைத்துவிடும்.
எண்பதாயிரம் வருடத்துக்கு
ஒரு தடவை வருகிறதாம் இது;
அதைப் படமெடுக்கும் வழி இதுதான்.
பன்னிரண்டு படங்கள் நிராகரிக்கப்பட்டன, என்றது திரை.
சரி என்று அழுத்தினேன்.

புதன்கிழமை ஜிப்மரிலிருந்து வந்துவிட்டார்.
சட்டை ஒரு சுற்று பெரிதாகிவிட்டிருந்தது.
கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று
‘கெடச்சுதா?’ என்றார்.
போனில் காட்டினேன்.
கண்ணாடியைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கி,
‘நல்லா விழுந்திருக்கு.
நாங்க லைட்டப் போட்டோமே,
அது தெரியலியே?’

தெரியாது, என்றேன்.

அந்தப் பன்னிரண்டும் தனியாக இருக்கின்றன,
பெயரிடாத ஒரு கோப்பில்.
கீழே, முருங்கையின் இலை ஒவ்வொன்றும் சிவப்பு.
மேலே அதே பச்சை, அசையாமல்.

சிவப்புக்கு அட்டையில் எண் இருக்கிறது.
எனக்கு அது தெரியும்.